பரந்தன் சந்தியிலிருந்து ஒரு தீர்ப்பை வாசித்தல்

பரந்தன் சந்தியில் நிற்பவருக்கு ஏ-9 வீதியை விட்டால் இன்னும் இரண்டு வழிகள் உண்டு. கிழக்கே போவது ஏ-35. முரசுமோட்டை, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று போய், வட்டுவாகல் பாலத்தைத் தாண்டி முல்லைத்தீவில் முடிகிறது. 2008இன் கடைசியிலும் 2009இன் தொடக்கத்திலும் வன்னிச் சனம் கிழக்கே தள்ளப்பட்டது இந்தப் பாதையால்தான். மேற்கே போவது பூநகரிப் பாதை. பூநகரியில் மன்னார் வீதியைப் பிடித்துத் தெற்கே இறங்கினால் நாச்சிக்குடா. அது எனது வாப்பாவின் ஊர். 1990 ஒக்டோபரில் அங்கிருந்து எங்கள் குடும்பம் வெளியேறியபோது எனக்கு ஒன்பது வயது. மிச்சக் காலத்தைப் புத்தளத்தில் ஓலைக் குடிசையிலும், பிறகு கல்வீட்டிலும் கழித்தோம். இப்போது மாதத்தில் ஓரிரு தடவை காணி அலுவலாக வந்து இந்தச் சந்தியில் பஸ் மாறுகிறேன்.

மனித உரிமைச் சட்டமும் இலக்கியமும் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரும்படி நண்பர்கள் கேட்டபோது, சட்டம் படிக்காதவன் நான் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். ஆனால் சட்டமும் ஒரு பிரதிதான். அதை எழுதியவர் யார், எந்த மொழியில் எழுதினார், யாருடைய பெயரை அதன் கீழே போட்டார் என்று கேட்கும் உரிமை விமர்சகனுக்கு உண்டு. அந்தத் துணிவில்தான் ‘சிங்கராசா எதிர் சட்டமா அதிபர்’ என்ற தீர்ப்பின் நிழற்பிரதியைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அதில் பாதியைப் பரந்தன் சந்தித் தேநீர்க் கடையில்தான் வாசித்து முடித்தேன்.

வழக்கின் கதை இதுதான். மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்த தமிழரான நல்லரத்தினம் சிங்கராசா 1993 ஜூலையில் ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்டார். அதே ஆண்டு டிசம்பரில் அவர் ஓர் உதவிப் பொலிஸ் அத்தியட்சரிடம் குற்ற ஒப்புதல் வாக்குமூலம் அளித்ததாகச் சொல்லப்பட்டது. அது சிங்களத்தில் இருந்தது. அவருக்குச் சிங்களம் தெரியாது. இடையில் மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ் கொன்ஸ்தாபிள். தட்டச்சுச் செய்தவரும் அதே கொன்ஸ்தாபிள். கீழே சிங்கராசாவின் பெருவிரல் அடையாளம். 1995இல் கொழும்பு மேல் நீதிமன்றம் அவருக்கு 50 வருடச் சிறை விதித்தது. 1999இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை 35 வருடமாகக் குறைத்தது. குற்றத் தீர்ப்பை மாற்றவில்லை. அவருக்கு எதிராக இருந்த சாட்சியம் அந்த வாக்குமூலம் மட்டுமே.

இதை ஓர் இலக்கிய விமர்சகன் வாசித்தால் முதலில் எங்கே நிற்பான்? அந்தப் பெருவிரலில்தான். ஒரு பிரதி, அதைச் சொன்னதாகக் கருதப்படுபவர் ஒருவர், மொழிபெயர்த்தவர் வேறொருவர், எழுதியவரும் அந்த மொழிபெயர்த்தவரே, கேட்டவர் அவருடைய மேலதிகாரி. ஆசிரியர் என்று பெயரிடப்பட்டவருக்குத் தன் பெயரில் வெளியான பிரதியை வாசிக்கவே தெரியாது. ‘ஆசிரியன் இறந்துவிட்டான்’ என்று சிறுசஞ்சிகைகளில் ஒரு காலத்தில் எவ்வளவு சண்டை பிடித்தோம்! பயங்கரவாதத் தடைச் சட்டம் ரோலன் பார்த்தைப் படிக்கவில்லை. அது ஆசிரியனை உயிரோடு பிடித்து வந்து பிரதியின் கீழே அழுத்திவிடுகிறது.

இலங்கையின் சாதாரண சாட்சியச் சட்டப்படி பொலிஸாரிடம் அளித்த ஒப்புதலை நீதிமன்றில் பாவிக்க முடியாது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் தனது 16ஆம் பிரிவால் அதைப் புரட்டிப்போட்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் சொன்னது சாட்சியமாகும். அது வலிந்து பெறப்பட்டது என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பு சிறையில் இருப்பவருடையது. 2022இல் இச்சட்டம் திருத்தப்பட்டபோதும் அந்தப் பிரிவில் எவரும் கைவைக்கவில்லை.

உள்நாட்டுக் கதவுகள் மூடிய பிறகு சிங்கராசா தரப்பு ஜெனீவாவுக்குப் போனது. இலங்கை 1980இல் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தில் சேர்ந்திருந்தது. 1997 ஒக்டோபரில் அதன் முதலாவது விருப்ப நெறிமுறையையும் ஏற்றது. அதாவது, நாட்டுக்குள் நியாயம் கிடைக்காத தனிநபர் ஐ.நா. மனித உரிமைகள் குழுவிடம் நேரே முறையிடலாம் என்பதை அரசு தானாகவே ஒத்துக்கொண்டது. 2004 ஜூலையில் குழு தன் கருத்தை வெளியிட்டது. அது பிடித்த இடம் ஒரு நல்ல விமர்சகன் பிடித்திருக்கக்கூடிய இடம். விசாரணை செய்த இரண்டு அதிகாரிகள் மட்டும் இருந்த அறையில், அவர்களில் ஒருவரே மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து பெறப்பட்ட வாக்குமூலத்தை மட்டும் நம்பித் தண்டித்தது நியாயமான விசாரணை அல்ல. வற்புறுத்தலை நிரூபிக்கும் சுமையைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையில் வைத்ததும் மீறலே. அவரை விடுதலை செய்யவோ மீண்டும் விசாரிக்கவோ வேண்டும், நட்டஈடும் கொடுக்க வேண்டும் என்றது குழு.

அந்தக் கருத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிங்கராசா உயர் நீதிமன்றத்திடம் திரும்பி வந்தார். 2006 செப்டெம்பர் 15ஆம் திகதி பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஆயம் மனுவைத் தள்ளியது. மனுவைத் தள்ளியதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். பாராளுமன்றம் சட்டமாக்காத உடன்படிக்கை நாட்டுக்குள் எவருக்கும் உரிமை தராது என்றது தீர்ப்பு. அதற்கும் மேலே போய், 1997இல் ஜனாதிபதி விருப்ப நெறிமுறையில் சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண், ஜெனீவாக் குழுவுக்கு நீதித்துறை அதிகாரத்தைக் கொடுப்பதாக அது அமைந்துவிடுகிறது என்றும் சொன்னது. ஆனால் சர்வதேச அரங்கில் இலங்கை அந்த நெறிமுறையிலிருந்து விலகவில்லை. வெளிவாசலில் ‘வரலாம்’ என்று பலகை தொங்குகிறது; உள்வாசல் பூட்டிக் கிடக்கிறது. குழுவிடம் போகலாம், வெல்லலாம், வென்ற தாளை வீட்டில் சட்டம் போட்டு மாட்டலாம்.

இதற்கு ஆறு வருடங்களுக்கு முன் அதே நீதிமன்றத்தில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ, வீரவன்ச வழக்கில், நாடு ஏற்ற உடன்படிக்கைகளின் துணையோடு தடுப்புக்காவலில் இருந்தவரின் உரிமையை வாசித்திருந்தார். ஆகவே வேறு வாசிப்புச் சாத்தியமில்லாமல் இருக்கவில்லை. நீதிமன்றம் இரண்டு வாசிப்புகளில் ஒன்றைத் தெரிவுசெய்தது.

இனி எங்களைப் பற்றி. அந்தத் தீர்ப்பு வந்தபோது முஸ்லிம் எழுத்தாளர்களாகிய நாம் என்ன எழுதினோம்? எனக்குத் தெரிந்தவரை நான் ஒன்றும் எழுதவில்லை. என்னோடு கூட்டங்களுக்கு வந்தவர்களும் அதைப் பற்றிக் கதைத்ததாக நினைவில்லை. காரணம் இல்லாமலும் இல்லை. 2006 ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் சண்டைக்குள் அகப்பட்டு ஊரைவிட்டு ஓடிக் கந்தளாயில் கிடந்தார்கள். மனம் அங்கே இருந்தது. ஆனால் உண்மையான காரணம் வேறு: சிங்கராசாவை நாம் ‘அவர்களுடைய’ வழக்கு என்று வாசித்தோம். புலி என்று குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவருக்காக, புலிகளால் விரட்டப்பட்டவன் ஏன் பேச வேண்டும்? அப்படித்தான் நானும் நினைத்தேன். வாசிப்பில் விட்ட பிழை அது. பூட்டப்பட்ட கதவு சிங்கராசாவின் வீட்டுக் கதவு அல்ல; அது தெருவின் படலை.

மறு வருடம், 2007இல், பாராளுமன்றம் 56ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டு வந்தது. ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் என்று இன்று எல்லோருக்கும் தெரிந்த சட்டம். அதன் பின்னணியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை இருந்தது. உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்தும் நாட்டுக்கே அந்தச் சலுகை. அது 2010இல் பறிபோய் 2017இல் திரும்பி வந்தது. பரந்தனில் விடியப் பொழுதில் நிற்பவர்கள், கிளிநொச்சிப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலைக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் பஸ்ஸைக் காணலாம். அந்தப் பிள்ளைகள் தைக்கும் சட்டையின் விலைக்குள்ளும் இந்தச் சமவாயம் எங்கோ ஒரு மடிப்பில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். உடன்படிக்கைக்கு எங்கள் நாட்டில் பல் முளைப்பது பெரும்பாலும் சந்தையில்தான், நீதிமன்றத்தில் அல்ல.

அந்தச் சட்டத்தை வாசித்தவர்களுக்குத் தெரியும், சமவாயத்தின் பெரும்பகுதி அதில் இல்லை. உயிர்வாழும் உரிமை இல்லை. ஆனால் சமவாயத்தின் 20ஆம் உறுப்புரை மட்டும் 3ஆம் பிரிவாக முழு உருவில் வந்திறங்கியது: இன, மத வெறுப்பைத் தூண்டுவது பத்து வருடம் வரை சிறைக்குரிய குற்றம், பிணை வழங்க மேல் நீதிமன்றத்தால்தான் முடியும், அதுவும் விசேட காரணம் இருந்தால் மட்டும். சிறுபான்மையினரைக் காக்கவென்று உலகம் எழுதிய வரி அது. எங்கள் ஊரில் அது யாரைப் பிடித்தது? 2019 ஏப்ரலில் சிங்களச் சிறுகதையாளர் சக்திக சத்குமாரவை, ஒரு கதைக்காக. அடுத்த மாதம், உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின், ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண்ணை. அவருடைய உடுப்பில் இருந்த கப்பல் சுக்கான் தர்மச்சக்கரமாக வாசிக்கப்பட்டது. 2020 ஏப்ரலில் ரம்ஸி ராசிக்கை, முகநூலில் பேனாவாலும் விசைப்பலகையாலும் செய்ய வேண்டிய கருத்துப் போராட்டம் பற்றி எழுதியதற்காக. அவர் எழுதிய ‘ஜிஹாத்’ என்ற சொல் மட்டும் பொலிஸாருக்குக் கேட்டது. அதன் முன்னே நின்ற அடைமொழி கேட்கவில்லை.

2020 மே மாதம் மன்னார் சிலாவத்துறைப் பக்கத்துப் பண்டாரவெளியில் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் கைதானார். இம்முறை பயங்கரவாதத் தடைச் சட்டம். வடக்கிலிருந்து விரட்டப்பட்ட மக்களின் மண்ணிலிருந்து வந்த பிள்ளை. 2017இல் வெளிவந்த ‘நவரசம்’ என்ற அவருடைய தமிழ்க் கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைப் பரப்புகிறது என்பது குற்றச்சாட்டு. தமிழறிந்த வாசகர்கள் பலர் அத்தொகுப்பைப் படித்து, அது வன்முறையைக் கண்டிக்கும் தொகுப்பு என்று பகிரங்கமாக எழுதினார்கள். ஆனால் அவரைத் தடுத்து வைத்தவர்களின் கையில் போய்ச் சேர்ந்தது தமிழ்க் கவிதை அல்ல; அதன் மொழிபெயர்ப்பும் அதில் இருந்த படங்களும்.

தலைப்பைக்கூட அவர்கள் வாசிக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம். தொல்காப்பியம் சொல்லும் மெய்ப்பாடுகள் எட்டு. வெகுளியும் அச்சமும் இளிவரலும் அந்த எட்டுக்குள் வரும். நவரசம் என்று ஒன்பதாக எண்ணும்போது கூடுதலாக வந்து சேர்வது சாந்தம். வெகுளியைப் பாடும் கவிதையில் வெகுளி கொள்ளும் குரல் ஒன்று பேசத்தான் செய்யும். கவிதைக்குள் பேசுபவரும் கவிஞரும் ஒருவரல்லர் என்பது ஏ.எல். வகுப்பில் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுக்கும் முதற்பாடம். கம்பனின் இராவணன் பேசியதற்குக் கம்பனைப் பிடிப்பதில்லை. அஹ்னாப் 19 மாதங்கள் உள்ளே இருந்தார். 2021 டிசம்பரில் பிணை. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

சிங்கராசாவின் வாக்குமூலத்தையும் அஹ்னாபின் தொகுப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்று தமிழன் சொன்னதாகச் சிங்களத்தில் எழுதப்பட்டது. மற்றது தமிழில் எழுதியதைப் பெயர்த்துப் படித்தது. இரண்டிலும் இடையில் நின்றவர் சந்தேகப்படுபவரின் பக்கத்தில் இல்லை. 2004இல் மனித உரிமைகள் குழு சுட்டிய குறைபாட்டை உயர் நீதிமன்றம் 2006இல் ஏற்றுத் திருத்தியிருந்தால், 2020இல் ஒரு கவிதைப் புத்தகத்தை யார் மொழிபெயர்க்க வேண்டும், அதை யார் சரிபார்க்க வேண்டும் என்ற கேள்வியாவது எழுந்திருக்கும்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்ஸி ராசிக்கின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்துப் பத்து லட்சம் ரூபாய் நட்டஈடு விதித்தது. நீதிமன்றம் வாசிக்கத் தெரியாத இடம் அல்ல. அதற்கு மூன்றரை வருடம் எடுத்தது. அந்த மனிதரின் உடல்நலம் உள்ளே கெட்டது. ஆனாலும் வாசித்தது.

தேநீர்க் கடையில் நடந்த ஒன்றைச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை பாதியில் நிற்கும். தீர்ப்பை விரித்து வைத்திருந்தபோது பக்கத்து வாங்கில் ஓர் அம்மா இருந்தார். கையில் பிளாஸ்டிக் உறை, உள்ளே மகனின் படமும் கட்டுக்கட்டாகத் தாள்களும். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்துக்குப் போய் வருபவர்.

“தம்பி, அது கோட்டுப் பேப்பரோ?” என்றார்.

“ஓம் அம்மா. பழைய தீர்ப்பு ஒண்டு.”

“என்னட்டையும் கன பேப்பர் இருக்கு. எல்லாத்திலயும் கையெழுத்து வாங்கினவை. ஒருத்தரும் எனக்கு வாசிச்சுக் காட்டேல்ல.”

மகனை வட்டுவாகலில் கையால் ஒப்படைத்தாராம். ஆணைக்குழு, அலுவலகம், ஜெனீவாவுக்குப் போகும் மனு என்று எத்தனையோ படிவங்கள். நான் எந்த ஊர் என்று விசாரித்தார். நாச்சிக்குடா என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “உங்கட ஆக்களைத் தொண்ணூறில போகச் சொன்னது எந்தப் பேப்பரில கிடக்கு?”

அவர் குத்திக்காட்டக் கேட்கவில்லை. அறியத்தான் கேட்டார். எனக்குப் பதில் இல்லாமல் போனது. வீட்டுக்கு வந்து தேடினேன். கிடைத்த பதில் இது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். 2014இல் மனித உரிமைகள் பேரவை ஆணையிட்ட சர்வதேச விசாரணைக்கு வகுக்கப்பட்ட காலம் 2002 பெப்ரவரி முதல் 2011 நவம்பர் வரை. அரசின் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவுக்கும் 2002 பெப்ரவரி முதல் 2009 மே வரையே பணிப்பு. ஆனாலும் அது எங்கள் கதையைக் கொஞ்சம் கேட்டுப் பதிந்தது. அந்தக் காலக்கோட்டைப் பரந்தன் சந்தியில் வைத்துப் பார்த்தால், கிழக்குப் பாதை உள்ளே. மேற்குப் பாதை வெளியே. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சாசனம் பலவந்த இடமாற்றத்தை மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்கிறது. ஆனால் அது நடைமுறைக்கு வந்தது 2002 ஜூலையில்; இலங்கை அதில் சேரவும் இல்லை. ரோஹிங்கியா மக்களின் விடயத்தில் மியன்மாரும் சேராத நாடுதான். எனினும் விரட்டப்பட்டவர்கள் எல்லை தாண்டிப் பங்களாதேஷுக்குள் போனதால், அந்த நாடு உறுப்பு நாடு என்ற காரணத்தைக் கொண்டு 2018இல் நீதிமன்றம் தன் அதிகாரத்தை நிலைநாட்டியது. நாங்கள் தாண்டியது வவுனியாவைத்தான். புத்தளம் வேறு நாடு அல்ல.

உள்நாட்டில் ஒரு சின்னக் கதவு திறந்தது. ஆயுதக் குழுக்களால் காணியை விட்டுப் போனவர்களுக்கு எதிராகப் பத்து வருட ஆட்சி உரிமையைக் காட்ட முடியாதபடி 2016இல் விசேட ஏற்பாட்டுச் சட்டம் ஒன்று வந்தது. 1983 முதல் 2009 வரையான காலம். 1990 அதற்குள் வருகிறது. ஆனால் வழக்கை இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எங்கள் வாப்பாவுக்கு அது தெரிய வந்தபோது அந்த இரண்டு வருடமும் முடிந்திருந்தது. எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டிய ஓர் அலுவலகத்தில் அந்தச் சட்டத்தின் தமிழ்ப் பிரதியே இருக்கவில்லை என்று அவர் சொல்வார்.

சட்டத்தின் காலக்கோட்டுக்கு வெளியே விழுந்ததை யார் எழுதி வைத்தார்கள்? பேராசிரியர் ஹஸ்புல்லாஹ் எழுதினார். எருக்கலம்பிட்டியில் பிறந்த அவர் அகதிகளானோரின் இழப்புகளை ஊர் ஊராகக் கணக்கெடுத்தார், 2018இல் காலமானார். சட்டம் மற்றும் சமூக நம்பிக்கை நிதியம் ஏற்படுத்திய பிரஜைகள் ஆணைக்குழு 2011இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அதற்கு நீதிமன்ற அதிகாரம் இல்லை. ஆனால் பேசியவர்களின் குரல் இருக்கிறது. எங்கள் கவிதைகளிலும் கதைகளிலும் வெளியேற்றம் நிறைய வருகிறது. எனினும் ஒரு குறை. அவற்றில் பெரும்பாலானவை ஈச்சை மரத்தையும் கடலையும் கைவிட்ட கோழியையும் நினைத்து ஏங்குகின்றன. யார் வந்தார், என்ன சொன்னார், எந்தத் திகதி, என்ன எடுத்துக்கொண்டார் என்பதை எழுதுவதில்லை. ஏக்கம் அழகானது, சாட்சியத்துக்கு உதவாது. இதைச் சொல்வதால் சிலருக்குக் கோபம் வரலாம்.

மறுபக்கமும் உண்டு. 2020 ஏப்ரலில் தொடங்கி 2021 பெப்ரவரி வரை எமது ஜனாஸாக்களைப் பலவந்தமாக எரித்தபோது நாமும் ஜெனீவாவைத்தான் பார்த்தோம். பிறகு அடக்கம் செய்ய முதலில் சுட்டப்பட்ட இடம் நாச்சிக்குடாவுக்கு அப்பால் கடலில் கிடக்கும் இரணைதீவு. கடற்படையிடமிருந்து போராடித் தம் தீவை மீட்டுக்கொண்ட தமிழ் மீனவர்கள் அதை எதிர்த்தார்கள். எங்களில் சிலர் உடனே அவர்களைத் திட்டினோம். ஒருவருடைய உரிமையை மற்றவருடைய முற்றத்தில் கொண்டுபோய் இறக்கியது யார் என்று கேட்கத் தோன்றவில்லை. கடைசியில் ஓட்டமாவடியில் இடம் கிடைத்தது.

அந்த அம்மாவிடம் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான் இருந்தது. உறைக்குள் இருந்த படிவத்தில் ஒன்றை வாங்கி வாசித்துக் காட்டினேன். மகனின் பிறந்த திகதி பிழையாக இருந்தது. பேனாவால் திருத்தினால் செல்லாது, புதுப் படிவம் வேண்டும் என்றேன். “இத்தினை வருசமா அப்பிடியே கிடந்திருக்கு” என்றார். பஸ் வந்துவிட்டது.

சிங்கராசா விடயத்தில் மனித உரிமைகள் குழு சொன்ன பகுதிகளையும், உயர் நீதிமன்றத் தீர்ப்பையும் தமிழில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த இதழுக்கு அனுப்புவதாக ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். மொழிபெயர்ப்பில் பிழை கண்டால் சட்டம் தெரிந்த நண்பர்கள் எழுத வேண்டும். என் பெயரில் வருவதால் நானே சரி என்று விட்டுவிட வேண்டாம். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளிலிருந்து வெளியேறிய வாசகர்களிடம் அந்த நாட்களின் முகாம் பதிவோ பங்கீட்டு அட்டையோ இருந்தால் பிரதி எடுத்து அனுப்புங்கள். திகதி தெளிவாகத் தெரியும்படி எடுங்கள்.